சைக்கிள்காரிக்கு நான் கொடுத்த பரிசுகள்

1

போன வாரம் வேலை நேரத்தில் என் தங்கை செல்வி புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கூப்பிட்டாள். பாரீசுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. அப்போது பிள்ளைகளின் இரண்டாம் பந்தி முடிந்து தட்டுகளை இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் அடித்தால் எனக்குக் கெட்ட செய்திதான். ஊரிலிருந்து வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை, மகளிடமிருந்து வந்தால் எங்கோ விழுந்துவிட்டாள். மூன்றாவதாக ஒரு காரணத்துக்கும் போன் வரலாம் என்பதை இருபத்தாறு வருடமாக என் மனது ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

“யாருக்கு இன்னா ஆச்சு?” என்றேன்.

“ஒருத்தருக்கும் ஒன்னும் ஆவல ண்ணா. மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி வருதில்ல, அதான் கேக்கலாம்னு. மோதிரம் வேணாம், வாட்ச் வேணாம்ன்றாரு. சைக்கிள்ல கட்டிக்கினு போற மாதிரி எதுனா குடுங்க அத்தன்றாரு. சனி ஞாயிறானா டெண்ட்ட கட்டிக்கினு ஊசுட்டேரி பக்கம் கெளம்பிடறாரு. நம்ம நதியா மாதிரியேதான். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே!”

எனக்குத் தெரியும் என்று இந்த உலகத்தில் நம்புகிறவள் செல்வி ஒருத்திதான். நதியா என் மகள், இங்கேயே பிறந்தவள், இருபத்தைந்து வயது. பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் சைக்கிளும் கூடாரமுமாகக் கிளம்பிவிடுவாள். அவளுக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்துத் தோற்றவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததை எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மகளோ மாப்பிள்ளையோ இருக்கக்கூடும்.

2

முதலில் கொடுக்கக் கூடாதவை. இதில் எனக்கு அனுபவம் அதிகம்.

பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தேன். அதைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, “பப்பா, இது என் டெண்ட்ட விட கனம்” என்றாள். இவர்கள் எல்லாவற்றையும் எடை போடுவார்கள். பல் விலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிந்தவள் என் மகள். அடுத்த வருடம் இரண்டு லிட்டர் குக்கர். அதற்கடுத்த வருடம் ஊரிலிருந்து வாங்கி வந்த ஜமக்காளம். எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

பிறகு வேறு வகைக்கு மாறினேன். ஊதல். கண்ணில் அடிக்கும் மிளகு மருந்து. இருட்டில் மின்னும் மஞ்சள் சட்டை. தலைக்கவசம் மட்டுமே மூன்று கொடுத்திருக்கிறேன், தலை ஒன்றுதான் என்றாலும். என் மனைவி கலா ஒருநாள் கேட்டாள்: “நீங்க அவளுக்குப் பரிசு தர்றீங்களா, இல்ல உங்களுக்குத் தூக்க மாத்திர வாங்கறீங்களா?” நான் கொடுத்தது எல்லாம் என் பயம்தான். தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது கொடுக்கக் கூடியவை. நெற்றியில் கட்டிக்கொள்ளும் சின்ன விளக்கு நல்லது. கூடாரத்துக்குள் இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும் மழைச்சட்டை நல்லது. பஞ்சர் ஒட்டும் சாமான் எத்தனை இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி என்று ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் காட்டில் நின்று உங்களை வாழ்த்துவார்கள். எல்லாவற்றையும்விட, நம்மூர் ஈரிழைத் துண்டு. கனமே கிடையாது, பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். நதியா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

இதைச் சொன்னதும் செல்விக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத் துண்டா? சம்பந்திங்க எங்கள இன்னா நெனப்பாங்க?”

அதை அவள் பாடு, சம்பந்தி பாடு என்று விட்டுவிடுகிறேன்.

3

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி இல்லை. முத்தியால்பேட்டையில் வாடகை சைக்கிள் எடுத்துக் கையை விட்டு ஓட்டியவன்; சோலை நகர் கடலில் நீந்தியவன். பயம் இங்கே வந்து பிடித்தது. கலாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. அவளைக் கட்டிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். வந்த முதல் வருடம் தபால்காரர் ஒரு ரெகமாந்தே கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபாலுக்கு அப்படிப் பெயர். நாட்டை விட்டுத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்து, அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் அரிசிப் பானைக்கடியில் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் சரிபார்க்க ஆள் வருவார் என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு எந்தத் தாளைக் கண்டாலும் பயம். நதியாவின் பள்ளியில் பனிமலைக்கு ஒரு வாரம் கூட்டிப்போவார்கள். பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். மூன்று வருடம் அந்தத் தாள் வந்தது. மூன்று வருடமும் ‘நாளைக்குப் போடுகிறேன்’ என்று கடைசித் தேதியைத் தாண்டவிட்டேன். மற்ற பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் கீழ் வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்தாள். அவள் சண்டை போடவில்லை. பிறகு தாள்களைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். பதினெட்டு வயதானதும் தன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்போதிலிருந்து அவள் எங்கே போனாலும் தினமும் எனக்கு ஒரு செய்தி வரும்: ‘எல்லாம் நல்லா இருக்கு பப்பா.’ ஆல்ப்ஸ் மலையிலிருந்தும் அதே. மழையிலும் அதே. நான் அதைப் பெரிய பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

போன மாசியில் அவளோடு ஊருக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் சைக்கிளும் வந்தது. புதுச்சேரியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறி, போளூர்ப் பக்கமாக இறங்கி, திரும்பவும் முத்தியால்பேட்டை. எட்டு நாள், தனியாக. திரும்பி வந்த மறுநாள் அவள் பிறந்தநாள். விசா விண்ணப்பத்தில் இந்தியாவில் தங்குமிடம் என்ற கட்டத்தில் ‘கூடாரம்’ என்று போட்டிருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. அதை அடித்துவிட்டுச் செல்வி வீட்டு முகவரியை எழுதினேன். அதிகாரி யாரும் கேட்கவில்லை. நானாகப் பயந்து நானாகத் திருத்திக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் செல்வி சொன்னாள்: “ண்ணா, வண்டிக்குப் பூஜ போடாம அனுப்பாத. நம்ம மண்ணுல மொதல் தடவ உருளுது. புது வண்டி கணக்குதான்.”

எனக்கும் அது வேண்டியிருந்தது. நதியா தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் செல்வியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே டவுனுக்குப் போய்ப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு புதுக் கார், இரண்டு மோட்டார் சைக்கிள். குருக்கள் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, பொட்டு வைக்க இடம் தேடி, கைப்பிடியில் சந்தனம் குங்குமம் வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினேன். வண்டிக்குக் கனமே இல்லை. பழம் நசுங்காமல் நழுவி ஓடியது. சக்கரத்தைக் கையால் அழுத்தி நசுக்கினேன். மனதுக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வி தன் பங்குக்கு ஆரம்பித்தாள். பின் சக்கரத்தின் நடுவில் வெள்ளித்தட்டு மாதிரி ஒரு வட்டம் பளபளத்தது. “இதப் பாரு, பொட்டு வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்று அதில் சுற்றிலும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நதியா எழுந்து பார்த்தால் கத்துவாளே என்று எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. வண்டியில் ஒரு தூசு இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. குங்குமக் கறை தண்ணீருக்குப் போகாது, தேங்காய் எண்ணெய்க்குப் போகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பழைய துணியில் எண்ணெய் தொட்டு அந்தத் தட்டை அழுத்தித் துடைத்தேன். வாடகை சைக்கிள் கடைப் பழக்கம் வேறு, சுற்றுகிற எதற்கும் எண்ணெய் நல்லது என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது.

மறுநாள் விடியலில் மகள் கிளம்பிப் போனாள். சுமையைக் குறைப்பதற்காக உதிரிச் சாமான்கள் இருந்த ஒரு சின்னப் பையைக்கூட அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

5

ஐந்தாம் நாள் காலையில் செய்தி வந்தது: ‘இன்னிக்கு மலை இறங்கறேன். எல்லாம் நல்லா இருக்கு பப்பா.’ சந்தோஷமாகப் பிறந்தநாள் பரிசு வாங்கக் கிளம்பினேன். இந்த முறை கனமில்லாததாக, அவளுக்குப் பிடித்ததாக வாங்கிவிட வேண்டும் என்று காந்தி வீதிப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குள் போனேன். வாசலில் நின்ற வண்டியிலும் அதே மாதிரி வெள்ளித்தட்டு. பழக்கப்பட்டவன் போல விரலால் தடவினேன்.

“சார், சார்! அதத் தொடாதீங்க!” கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். என்னைவிட இளையவர், கையெல்லாம் கறுப்பு மசி.

“ஏன்?”

“அதான் சார் டிஸ்க்கு. பிரேக்கு அதுலதான் புடிக்கும். கையில இருக்கற எண்ணெப் பசை பட்டாலே வழுக்க ஆரம்பிச்சிடும்.”

என் காலத்து சைக்கிளில் பிரேக் என்பது சக்கர விளிம்பைக் கவ்வும் ரப்பர் கட்டை. இந்தத் தட்டு அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“தேங்காய் எண்ணெய் பட்டா?”

அவர் சிரித்தார். “அத எவன் சார் கொண்டாந்து பூசப் போறான்? பட்டுதுன்னா தட்டக் கவ்வற பேடு காலி. வேற போட்டு, டிஸ்க்க ஸ்பிரிட்டால தொடைக்கணும்.”

“மலையில இறங்கினா?”

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “யாரு சார் எறங்கறாங்க?” என்று கேட்டார்.

கடை வாசலிலேயே நதியாவைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அதே குரல். ‘பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்’ என்று செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்; போய்ச் சேரவில்லை. எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. செல்வியிடம் சொன்னதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள்தான் கேட்டாள்: “நம்ம எண்ணெ தடவுனத எழுதினியா?”

எழுதவில்லை. அந்த நிலைமையிலும் எழுதவில்லை. மகள் மலையிலிருந்து விழுந்துவிடுவாளோ என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே, காரணம் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் உட்கார்ந்திருந்தது. எந்தப் பயம் பெரியது என்று அந்த நிமிடம் என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இதை எழுதக் கூசுகிறது.

‘பின் டிஸ்க்கில் நான் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டேன். இறங்காதே. மன்னித்துவிடு’ என்று எழுதினேன். அதற்கும் ஒற்றை டிக்.

அட்டைப்பெட்டியைக் கொட்டி அந்தச் சின்னப் பையைத் தேடி எடுத்தேன். உள்ளே இரண்டு சிறு தகடுகள். படம் எடுத்து, கடைக்காரர் கொடுத்திருந்த நம்பருக்கு அனுப்பினேன். ‘இதான் சார் பேடு, எடுத்துக்கினு ஓடுங்க’ என்று பதில் வந்தது. மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வாடகைக் கார் பிடித்தோம். வழியில் காவல் துறைக்குப் போன் செய்தேன்.

“பொண்ணு எப்பலேர்ந்து காணோம்?”

“காணாமப் போகல சார். மலையிலதான் இருக்கா.”

“அப்ப இன்னா கம்ப்ளெயின்ட்டு?”

“ஃப்ரேன் சார். ஃப்ரேன்ல எண்ணெய்.” பதற்றத்தில் பிரேக்குக்குப் பிரெஞ்சு வார்த்தைதான் வாயில் வந்தது. அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். நான் விளக்கினேன். ஜவ்வாது மலை தமிழ்நாடு, நீங்கள் பேசுவது புதுச்சேரி, அந்தப் பக்கத்து நம்பர் தருகிறேன் என்று தந்தார். அந்த நம்பரில் ஒருவர், அடிவாரத்தில் ஆள் இருந்தால் பார்க்கச் சொல்கிறேன் என்றார். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு தகப்பனின் முட்டாள்தனத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

6

செஞ்சி போனது. திருவண்ணாமலை போனது. ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக வாந்தி எடுத்தேன். போளூர் தாண்டி மலை தெரிந்தபோது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. போய்ப் பார்க்காதவரை அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. மணி ஐந்து இருக்கும். அங்கே விசாரிக்கலாம் என்று இறங்கியபோது, மலைப் பாதையின் கடைசி வளைவில் நதியா வந்தாள். ஓட்டி வரவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு முழங்கையில் ஈரிழைத் துண்டைச் சுற்றியிருந்தாள். துண்டில் ரத்தம்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை. மாட்டிக்கொண்ட முகம்.

“பப்பா, ஒன்னும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு” என்றாள் உடனே.

செல்வி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “நாங்கதான்டி! நாங்கதான் எண்ணெயப் பூசிட்டோம்!”

“தெரியும் அத்த.”

“தெரியுமா?” என்றேன்.

“ரெண்டாம் நாளே தெரியும். செஞ்சி தாண்டி ஒரு எறக்கத்துல பிரேக் புடிச்சேன். தேங்கா எண்ணெ வாசன வந்துச்சு. எறங்கிப் பாத்தா டிஸ்க்கு ஓரத்துல குங்குமம்.”

“பேடு வீட்டுல இருந்துச்சே. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே கொண்டாந்து குடுத்திருப்பேனே. மூணு மணி நேரம்தான். ஏன் சொல்லல?”

அவள் சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். “சொன்னா நீ பயப்படுவ. அழுவ. போதும் திரும்பி வான்னுவ. அப்புறம் நான் உன்னச் சமாதானம் பண்ணணும். எனக்குப் பயமா இருக்கறப்ப உன் பயத்தயும் சேத்துப் பாத்துக்க முடியல பப்பா. அதவிட பிரேக் இல்லாம எறங்கறது ஈஸி.”

என் எண்ணெயால் அவள் பிரேக் போனது. அது ஒரு நாள் முட்டாள்தனம். ஆனால் பிரேக் போன பிறகும் அவள் என்னைக் கூப்பிடாமல் மூன்று நாள் ஓட்டியிருக்கிறாள் என்றால், அது இருபது வருடமாக நான் பூசியது. அப்போது என் வாய் வரைக்கும் வந்தது ‘போதும், காரில் ஏறு’ என்ற வார்த்தைதான். செல்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறது என்று அவள் உதறும் அளவுக்குப் பிடித்தேன்.

“மேலே என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

நதியா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சொல்லலாமா என்று எடை போட்டுப் பார்த்திருப்பாள். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ரெண்டாவது வளைவுல,” என்று ஆரம்பித்தாள். “பின் பிரேக் சுத்தமா புடிக்கல. முன் பிரேக்க அழுத்தினேன், ஜல்லி மேல சக்கரம் வழுக்கிடுச்சு. அந்தப் பக்கம் பள்ளம். வண்டிய வேணும்னே பாறைப் பக்கம் சாச்சேன். செத்துடுவேன்னு நெனச்சேன் பப்பா. நெஜமா. அப்புறம் எழுந்துக்கவே முடியல. ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்து அழுதேன்.”

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு “ம்” என்றேன். அவள் மேலே சொன்னாள். பள்ளத்தின் ஆழம், உருண்டு போன தண்ணீர் பாட்டில், பாட்டில் கீழே போய் விழுந்த சத்தம் வர எவ்வளவு நேரம் ஆனது என்பது உட்பட எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினேன். ஒரு தடவைகூட ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கனமான வேலை அதுதான்.

பேடை மாற்றி, டிஸ்க்கைத் துடைத்து, மறுநாள் காலையில் அவள் மிச்சப் பாதையையும் சைக்கிளிலேயே முடிக்கக் கிளம்பினாள். நானும் செல்வியும் காரில் ஊர் திரும்பினோம். பிறந்தநாளுக்குப் பரிசு எதுவும் வாங்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

7

‘எல்லாம் நல்லா இருக்கு பப்பா’ என்ற செய்தி வருவது நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பதிலாக உண்மை வருகிறது. பாலத்தில் லாரி உரசிக்கொண்டு போனது, கூடாரத்தைக் காற்று தூக்கியது, காலில் நகம் பிய்ந்தது. என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை டாக்டர் ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டார். கலா சிரிக்கிறாள். ஒன்றும் தெரியாமல் இருந்த நாட்கள் எவ்வளவு நிம்மதி என்று பொய்யில்லாமல் ஏங்குகிறேன்.

நேற்று பிள்ளைகளின் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நதியாவின் பெயர். கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன்.

“பப்பா, மலை மேல இருக்கேன். ஒரே மூடுபனி, பாத தெரியல. கொஞ்ச நேரம் பேசேன். பயமா இருக்கு.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றேன். “சொல்லு.”